குருவின்றிக் காத்த குடும்பங்கள்: நாகசாகியில் சில நாள்கள்

நாகசாகி என்னும் பெயரைச் செவியுற்றதும் 1945-ஆம் ஆண்டின் அணுகுண்டே எவருக்கும் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடநூல்கள் அந்நகரை அவ்வாறே நமக்கு அறிமுகம் செய்து வைத்துள்ளன. ஆயினும் கத்தோலிக்க மக்களாகிய நமக்கு அதனோடுள்ள உறவு அணுகுண்டுக்கு வெகு காலம் முந்தியது. ஒரு வகையில் அவ்வுறவு நம் முத்துக்குளித்துறையிலிருந்தே தொடங்குகிறது. 1542 முதல் நம் கடற்கரை ஊர்களில் மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சென்று, பரலோக மந்திரத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழில் சொல்லிக் கொடுத்த புனித சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளில், ஜப்பானின் காகோஷிமா துறையில் இறங்கினார். அவர் நாகசாகியைக் கண்டதில்லை. அத்துறைமுகம் 1571-இல்தான் போர்த்துக்கீசியக் கப்பல்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவர் இட்ட வித்து முளைத்துச் செழித்த நிலம் அதுவே.

கியூஷு தீவின் மேற்கு ஓரத்தில், கடல் ஒரு நீண்ட விரலைப் போல் நிலத்துக்குள் நுழைந்திருக்க, அதன் இரு புறமும் குன்றுகள் எழுந்து நிற்கின்றன. வீடுகள் சரிவுகளில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறியிருக்கின்றன. கீழே சமதளத்தில் டிராம் வண்டிகள் ஓடுகின்றன. மேலே செல்லப் படிக்கட்டுகளே துணை. மூட்டுவலியுள்ள முதியோர் இவ்வூரில் எங்ஙனம் திருப்பலிக்கு வருகின்றனர் என்று நாம் வியந்தோம். வருகின்றனர், நமக்கு முன்பே வந்து அமர்ந்திருந்தனர். ஜப்பான் முழுவதிலும் கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்தச் சிறு மந்தையில் பெரும் பகுதியின் வேர் இந்த மறைமாவட்டத்தில் இருக்கிறது.

அங்குப் பணியாற்றும் இந்தியக் குரு ஒருவர் நமக்கு வழிகாட்டியாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அமைந்தார். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர், வயதில் நமக்கு இளையவர். முதல் நாளே அவர் சொன்ன செய்தி ஒன்று நம்மை வெகுவாய்க் கவர்ந்தது. "சாமி, நம்ம ஊர்ல பாதிரியார்னு சொல்றோமே, இங்கே பழைய கிறிஸ்தவர்கள் 'பதெரென்' என்று சொன்னார்கள். நாம் குருசு என்கிறோம், அவர்கள் 'குருசு' என்றே சொன்னார்கள்." இரண்டும் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தவை. ஒரே கப்பலில் ஏறிய சொற்கள் இரு கரைகளில் இறங்கி, அவ்வம் மக்களின் நாவில் தங்கிவிட்டன.

நகருக்கு வரும் திருப்பயணிகள் முதலில் செல்வது நிஷிசாகா குன்றுக்கே. 1597 பிப்ரவரி 5 அன்று 26 பேர் அங்குச் சிலுவைகளில் அறையுண்டு, ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்துறந்தனர். கியோத்தோ நகரிலிருந்து குளிர்காலத்தில் நடத்தியே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். சேசு சபையின் புனித பவுல் மிகி அவர்களுள் ஒருவர். லூயிஸ் இபராகி என்ற சிறுவனுக்கு வயது 12. வெண்கலத்தில் வார்த்த 26 உருவங்களும் 1962 முதல் அங்கு வரிசையாய் நிற்கின்றன. அவ்வரிசையில் நாம் தேடியது பம்பாய்க்கு அருகிலுள்ள வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியாவை. பிரான்சிஸ்கன் சபைச் சகோதரரான அவர், 1862-இல் மற்ற 25 பேருடன் புனிதராக அறிவிக்கப்பட்டார். 2019 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் இக்குன்றில் நின்று செபித்தார்.

மறைசாட்சிகளைப் பற்றி நம் மறையுரைகளில் அடிக்கடி பேசுகிறோம், பேசவும் வேண்டும். எனினும் நாகசாகிக்குச் செல்ல நம்மைத் தூண்டியவர்கள் வேறு சிலர். குன்றில் உயிர் விட்டவர்களின் அண்டை வீட்டார், அவர்தம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், சாகாமல் வாழ்ந்து கிடந்தவர்கள். அவர்களுக்குச் சிலைகள் குறைவு.

1614-இல் தொக்குகாவா அரசு கிறிஸ்தவ சமயத்தை நாடு முழுவதும் தடை செய்தது. அப்போது விசுவாசிகள் சுமார் 3 இலட்சம் பேர் இருந்தனர் என்பர். கோயில்கள் இடிக்கப்பட்டன, குருக்கள் கப்பலேற்றப்பட்டனர், மறைந்து தங்கியவர்கள் ஒவ்வொருவராய்ப் பிடிபட்டனர். நாட்டுக்குள் ஒளிந்து பணிபுரிந்த கடைசிக் குருவான மான்சியோ கொனிஷி 1644-இல் கொல்லப்பட்டார். அதன்பின் 200 ஆண்டுகளுக்கு மேல் அம்மக்களுக்குத் திருப்பலி இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நோயில் பூசுதல் இல்லை, ஆயர் இல்லை, அச்சிட்ட செபநூல் இல்லை.

வேதகலாபனை என்றால் வாளும் நெருப்புமே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் அவ்வரசு கையாண்ட வலிமைமிக்க கருவி ஏடும் எழுத்தும்தான். ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு புத்த மடத்தில் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். இறந்தவரை அம்மடத்துத் துறவியே வந்து அடக்கம் செய்ய வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு கூட்டு. ஒரு வீட்டில் கிறிஸ்தவர் அகப்பட்டால் ஐந்து வீட்டாருக்கும் தண்டனை. காட்டிக் கொடுப்போருக்கு வெள்ளிக்காசுகள் பரிசு என்று தெருமுனைகளில் பலகை நாட்டப்பட்டது. நாகசாகிப் பகுதியில் புத்தாண்டு பிறந்ததும் ஆண்டுதோறும் மக்களை வரிசையில் நிறுத்தி, ஆண்டவர் அல்லது தேவமாதாவின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதிக்கச் செய்தனர். 'பூமி-எ' என்பது அதன் பெயர். அத்தகடுகளுள் சில இன்றும் உள்ளன. அவற்றில் முகங்கள் மழுங்கித் தேய்ந்திருக்கின்றன. எத்தனை ஆயிரம் பாதங்கள்!

மிதித்தார்களா என்று வாசகர் கேட்கலாம். மிதித்தார்கள். மிதிக்க மறுத்தவர்கள் மறைசாட்சிகள் ஆயினர். மிதித்தவர்கள் வீடு திரும்பினர். திரும்பியவர்கள் செய்ததைத்தான் நாம் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும். அவர்களிடம் 'கொஞ்சிரிசான்' என்றொரு செபம் இருந்தது. உத்தம மனஸ்தாபம் என்று நாம் சொல்லும் அதே பொருள்; அதே போர்த்துக்கீசியச் சொல்லின் ஜப்பானிய உச்சரிப்பு. பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத நிலையில், நரகத்துக்கு அஞ்சி அன்று, ஆண்டவர்மேல் கொண்ட அன்பினால் உள்ளம் நொந்து வருந்துவது எங்ஙனம், பின்னர் வாய்ப்பு நேரும்போது குருவிடம் அறிக்கையிடுவேன் என்று உறுதி கொள்வது எங்ஙனம் என்பதை விளக்கி, 1603-இல் அச்சான ஒரு சிறு நூல் அது. அச்சுப் பிரதிகள் அழிந்தபின் கையெழுத்துப் படிகளாகவும் மனப்பாடமாகவும் அது தலைமுறைகளைக் கடந்தது. மிதித்துவிட்டு வந்த இரவுகளில் கதவைச் சாத்திக்கொண்டு, முழந்தாளிட்டு, அதைச் சொன்னார்கள்.

இது கோழைத்தனமா, மன வேதனையா என்று தீர்ப்புச் சொல்ல நாம் விரும்பவில்லை. எண்டோ ஷூசாகு என்ற கத்தோலிக்க எழுத்தாளர் 1966-இல் எழுதிய 'மௌனம்' என்னும் நாவல் இவ்வினாவையே உலகின்முன் வைத்தது. அதைப் படித்துச் சினந்தவர்கள் நாகசாகிக் கத்தோலிக்கரிடையேயும் உண்டு. நாம் ஒன்று மட்டும் சொல்வோம். தன் பாவத்தைப் பாவம் என்று அறிந்து ஆண்டுதோறும் அழுதவன் விசுவாசத்தை இழந்தவன் அல்லன். மிதிப்பது பெரிதல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தால் ஒரே தலைமுறையில் எல்லாம் முடிந்திருக்கும்.

உரகாமி என்பது அன்று நாகசாகிக்கு வடக்கே இருந்த ஏழை உழவர்களின் ஊர். இன்று நகரின் ஒரு பகுதி. அங்கு மறைந்து வாழ்ந்தோர் தமக்குள் மூன்று பொறுப்பாளர்களை அமைத்துக்கொண்டனர். ஊர் முழுவதற்கும் ஒரு 'சோகாதா': திருநாள்களைக் கணக்கிட்டு அறிவிப்பவர், செபங்களைக் காப்பவர். ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு 'மிசுகாதா': குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர். அவருக்குத் துணையாக ஒரு 'கிகியாகு': இன்று ஞாயிறு, நாளை ஒருசந்தி என்று வீடுவீடாய்ச் செய்தி கொண்டு செல்பவர். சவேரியார் நம் கடற்கரையில் ஊர்தோறும் ஓர் உபதேசியாரை அமர்த்திச் சென்றது இங்கு நினைவுக்கு வரும். 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்ட பின்னர், 1830-களின் இறுதியில் அச்சபையார் மீண்டும் வரும்வரை, மதுரை மிஷனின் பல ஊர்களில் குருவின் முகத்தைக் காண்பதே அரிதாயிருந்த காலத்தில், செபத்தையும் ஞானஸ்நானத்தையும் உபதேசியார்களே தாங்கினார்கள் அன்றோ! யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்கள் துரத்தப்பட்டிருந்தபோது, புனித யோசேப் வாஸ் 1687-இல் மாறுவேடத்தில் சென்று தேடியதும் இத்தகைய குடும்பங்களையே.

நாள்காட்டியைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். பாஸ்தியான் என்ற ஜப்பானிய உபதேசியார் விட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் திருவழிபாட்டு நாள்காட்டியே சொதோமே பகுதியினருக்கும் உரகாமி மக்களுக்கும் அடிப்படை. நாட்டு வழக்கிலிருந்த சந்திர மாதங்களுக்கு ஏற்பத் திருநாள்களை அமைத்த ஏடு அது. 'ஏழு தலைமுறை கழிந்தபின் பெரிய கறுப்புக் கப்பலில் குருக்கள் வருவார்கள். வாரந்தோறும்கூடப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்' என்று அவர் முன்னுரைத்ததாகவும் ஒரு வாய்மொழி உண்டு. தாய்மார் இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அப்பிள்ளைகள் தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். எதற்காகக் காக்கிறோம் என்பதை மறவாதிருக்க இந்த ஒரு வாக்கு போதுமாயிருந்தது.

இனி ஓவுரா ஆலயத்துக்கு வருவோம். துறைமுகத்தை நோக்கிய சரிவில், இனிப்புக் கடைகளைக் கடந்து (போர்த்துக்கீசியர் கற்பித்த 'கஸ்தெரா' என்னும் பஞ்சு போன்ற கேக்கு அவற்றின் சிறப்பு) மேலே ஏறினால் அவ்வாலயம் நிற்கிறது. உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். கோயிலுக்குக் கட்டணமா என்று நமக்கு முதலில் மனம் சுளித்தது. ஆனால் அது நாட்டின் தேசியச் செல்வமாகப் பாதுகாக்கப்படும் கட்டடம். பங்கு மக்களின் திருப்பலி அருகிலுள்ள புதிய ஆலயத்தில் நடைபெறுகிறது. பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையின் குருக்கள், வெளிநாட்டாரின் வழிபாட்டுக்கென்று அனுமதி பெற்று, இதைக் கட்டி 1865 பிப்ரவரியில் மந்திரித்தனர். 26 மறைசாட்சிகளின் பெயரே இதற்குச் சூட்டப்பட்டது. நம் புதுவையிலும் சேலத்திலும் கோவையிலும் குடந்தையிலும் உழைத்த அதே சபைதான் இது என்பதை நம் மூத்த வாசகர் அறிவர்.

தடை அப்போதும் நீங்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த நகரத்தார் நடுவே, மார்ச் 17, வெள்ளிக்கிழமை, நண்பகலில், உரகாமியிலிருந்து ஏறத்தாழ 15 பேர் கதவருகே வந்து நின்றனர். குருவானவர் பெத்திழான் கதவைத் திறந்துவிட்டுப் பீடத்தின்முன் முழந்தாளிட்டார். அவரருகே முதிய பெண்கள் சிலர் வந்து மண்டியிட்டனர். அவர்களுள் ஒருத்தி மார்பில் கை வைத்து, சுவருக்கும் கேளாத குரலில், இங்கிருக்கும் எங்கள் அனைவரின் இதயமும் உம் இதயமும் ஒன்றே என்றாள். அடுத்து, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே என்று கேட்டாள். அவர் அழைத்துச் சென்று காட்டினார். கரங்களில் திருக்குழந்தை இருப்பதைக் கண்டு அவர்கள் ஆனந்தமடைந்தனர்.

அதன்பின் அவர்கள் பேசியது நாள்களைப் பற்றி. ஆண்டவர் பிறந்த திருநாளைக் குளிர் மாதத்தின் 25-ஆம் நாளில் கொண்டாடுகிறோம். இப்போது துக்க காலம். இன்று அதன் 17-ஆம் நாள். நீங்களும் இதை அனுசரிக்கிறீர்களா என்று கேட்டனர். துக்க காலம் என்று அவர்கள் சொன்னது தவக்காலத்தை. அந்த ஆண்டில் சாம்பல் புதன் மார்ச் 1 அன்று வந்தது. வாசகர் விரல்விட்டு எண்ணிப் பார்க்கலாம்: மார்ச் 17 தவக்காலத்தின் 17-ஆம் நாளே. 200 ஆண்டுகள் உரோமையோடு ஒரு கடிதத் தொடர்புமில்லாத உழவர்கள், எழுத்தறியாப் பெண்கள், பாரிஸிலிருந்து வந்த குருவின் கையிலிருந்த நாள்காட்டியோடு ஒரு நாளும் பிசகாது நின்றனர்.

அந்தச் சுரூபம் இன்றும் அதே ஆலயத்தில் உள்ளது. அதன்முன் நெடுநேரம் நின்றோம். அவ்வேளையில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் நம் எண்ணத்தில் வந்தார். அவருடைய மகன் சவூதி அரேபியாவில் மின்பணி செய்கிறான். அந்நாட்டில் ஆலயம் எழுப்பவோ வெளிப்படையாய்த் திருப்பலி நிறைவேற்றவோ அனுமதியில்லை. "சாமி, பூசை காணாம, பாவசங்கீர்த்தனம் பண்ணாம இரண்டு வருசமா என் பிள்ளை கிடக்கிறானே, அவன் வேதத்தில் நிலைப்பானா?" என்று அவர் கேட்டபோது, செபமாலை சொல்லச் சொல்லுங்கள் அம்மா என்று பொதுவாய்ச் சொல்லி அனுப்பியிருந்தோம். ஓவுராவில் நிற்கையில் அவருக்கு இன்னும் விரிவாய்ச் சொல்லலாமே என்று தோன்றியது. இன்ன நாள் சாம்பல் புதன் என்று வீட்டிலிருந்து மகனுக்குச் சொல்லி அனுப்ப ஒரு தாயால் முடியும். அவர் அவனுடைய கிகியாகு.

சொதோமே கடற்கரைக்கு நகரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்போல் செல்ல வேண்டும். பாறைச் சரிவும் கடலும். உழுவதற்கு அகலமான நிலம் கிடையாது. ஷித்சு என்ற ஊரில் 1882-இல் எழுந்த ஆலயம் தாழ்ந்த கூரையோடு, கடற்காற்றுக்குத் தலை குனிந்ததுபோல் நிற்கிறது. அதைக் கட்டிய குரு மார்க் மரி தெ ரோ, தம் குடும்பச் சொத்தையெல்லாம் இம்மக்களுக்கே செலவிட்டவர். மீனவர் குடும்பங்களின் கைம்பெண்களுக்கும் இளம்பெண்களுக்கும் நெசவும் ரொட்டி சுடுதலும் நூல்போன்ற கோதுமைச் சேமியா செய்தலும் கற்றுக் கொடுத்தார். அவர் பெயரால் அச்சேமியா இன்றும் விற்பனையாகிறது. நாமும் ஒரு கட்டு வாங்கினோம். 1914-இல் இறந்த அவரை ஊரார் இன்றும் 'தொரோசாமா' என்றே மரியாதையோடு சொல்கின்றனர்.

குருக்கள் வந்தபின் துன்பம் தீர்ந்ததென்று எண்ண வேண்டாம். 1867-இல் உரகாமியில் ஒருவர் இறந்தபோது, குடும்பத்தார் மடத்துத் துறவியை அழையாமல் தாமே கிறிஸ்தவ முறையில் அடக்கம் செய்தனர். இனி மறைந்து வாழோம் என்பது அதன் பொருள். அவ்வாண்டு கோடையில் 68 பேர் நள்ளிரவில் கைதாயினர். வதை தாளாமல் ஏறக்குறைய அனைவரும் மறுதலித்துக் கையொப்பமிட்டனர். தகாகி செனெமொன் என்ற ஒருவர் மட்டும் இணங்கவில்லை. மறுதலித்தவர்கள் ஊர் திரும்பினர். அங்கே வீட்டுக் கதவுகள் திறக்கவில்லை! மனைவியரும் பிள்ளைகளும் அவர்களை உள்ளே விடவில்லை. அம்மனிதர்கள் ஊர்த்தலைவரிடம் சென்று, தாங்கள் கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தனர். அவ்வாறு அறிவிப்பது மீண்டும் சிறைக்கு வழி என்பதை அறிந்தே அறிவித்தனர். நாகசாகியில் நாம் கேட்ட வரலாறுகளுள் நம் உறக்கத்தைக் கெடுத்தது இதுவே.

1868-இல் ஆட்சி மாறியும் தடை மாறவில்லை. அவ்வாண்டிலும் 1870-இலுமாக உரகாமி ஊரையே பெயர்த்தெடுத்து, சுமார் 3,400 பேரை நாட்டின் இருபதுக்கு மேற்பட்ட இடங்களுக்கு நாடு கடத்தினர். அம்மக்கள் அதைச் சிறை என்றோ தண்டனை என்றோ சொல்லாமல் 'தபி', அதாவது பயணம், என்றே கூறினர். சுவானோ என்ற மலைநகரில் பனி உறைந்த குளத்தில் செனெமொன் முதலியோரை இறக்கினர். மூன்றடிக் கூண்டில் ஆளை அடைத்துப் பனியில் வைத்தனர். மேலைநாடுகளின் கண்டனம் வலுத்தபின், 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன. 600-க்கு மேற்பட்டோர் அப்பயணத்தில் மாண்டிருந்தனர். மீண்டவர்கள் கண்டது இடிந்த வீடும் களை மண்டிய வயலும். அவ்வாறு மீண்ட இளம்பெண்களுள் ஒருவரான இவனாகா மாகி, 1874-இல் கொள்ளைநோய் பரவியபோது தெ ரோ அடிகளுடன் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தம்மிடம் சேர்த்து வளர்க்கத் தொடங்கினார். தமக்கே உணவில்லாத ஆண்டு அது.

எல்லோரும் திருச்சபைக்குத் திரும்பினர் என்று எழுதினால் பொய்யாகும். கணிசமானோர் திரும்பவில்லை. இகித்சுகி போன்ற தீவுகளில் சிலர், முன்னோர் ஒளித்துக் காத்த அதே முறையையே தொடர்ந்தனர். 'ஓராஷோ' என்னும் அவர்களுடைய செபங்களில் இலத்தீனும் போர்த்துக்கீசியமும் உருமாறிக் கிடக்கின்றன. பாட்டன் உயிரைப் பணயம் வைத்துக் காத்ததை விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் துரோகம் என்று அவர்கள் எண்ணினர். இன்று அவர்களின் தொகை மிகவும் சுருங்கிவிட்டது. அவர்களை இகழ நமக்கு நா எழவில்லை. ஆனால் இங்கோர் உண்மை விளங்குகிறது. உரகாமி மக்கள் குருவின்றி வாழப் பழகிக்கொள்ளவில்லை, குருவுக்காகக் காத்திருந்தார்கள். ஓவுராவில் அவர்கள் கண்ட குருவானவரை இரவோடிரவாகத் தம் வீடுகளுக்கு அழைத்துச் சென்று, மறைவான அறைகளில் திருப்பலி கண்டார்கள். குடும்பச் செபம் இருந்தால் போதும், கோயில் எதற்கு என்போர் நம்மிடையேயும் உண்டு. அவர்களுக்கு நாகசாகி துணை நிற்காது.

உரகாமியின் பேராலயத்தைக் கடைசியாய்க் கண்டோம். எந்த ஊர்த்தலைவரின் வீட்டில் ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதித்தார்களோ, அந்த மனையையே 1880-இல் விலைக்கு வாங்கி, 1895 முதல் செங்கல் செங்கல்லாய் அடுக்கி, 1914-இல் அவ்வாலயத்தை முடித்தனர். 1945 ஆகஸ்ட் 9, காலை 11 மணி 2 நிமிடத்துக்கு, அதிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. விண்ணேற்புத் திருநாளுக்கு ஆயத்தமாய்ப் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்த இரு குருக்களும், உள்ளேயிருந்த மக்களும் அக்கணமே மாண்டனர். அப்பங்கின் 12,000 பேரில் ஏறத்தாழ 8,500 பேர் இறந்தனர். வேதகலாபனை செய்ய இயலாததை ஒரு நொடி செய்தது எனலாம்.

மருத்துவர் நாகாய் தகாஷி அங்கு வாழ்ந்தவர். அவருடைய மனைவி மிதோரி, உரகாமியின் சோகாதாக்கள் வழிவந்த குடும்பத்துப் பெண். அக்குடும்பத்துக் கடைசிச் சோகாதா 1856-இல் எழுந்த கலாபனையில் சிறையிலேயே இறந்தவர். கிறிஸ்தவரல்லாதவராய் அவ்வீட்டில் வாடகைக்குத் தங்கிய நாகாய், அவ்வீட்டாரின் செபத்தைக் கண்டே 1934-இல் ஞானஸ்நானம் பெற்றார். குண்டு வெடித்தபின் தம் வீட்டுச் சாம்பலில் மனைவியின் எலும்புகளையும் அவற்றோடு உருகிய செபமாலையையும் அவர் கண்டெடுத்தார். இரத்தப் புற்றுநோயால் படுத்த படுக்கையாகி, இரண்டு பாய் விரிக்கும் அளவான குடிலில் தம் இரு குழந்தைகளுடன் வாழ்ந்து, நூல்கள் எழுதி, 1951-இல் மறைந்தார். அக்குடில் இன்றும் இருக்கிறது. நம் ஊர்ப் பூசைப்பொருள் அறையைவிடச் சிறியது.

ஆலயம் 1959-இல் மீண்டும் கட்டப்பட்டது. இடிபாட்டிலிருந்து மீட்ட பெரிய மணியை 1945 கிறிஸ்து பிறப்பு இரவிலேயே ஒலித்தனர். சிதைந்துபோன சிறிய மணிக்குப் பதிலாக, அமெரிக்கக் கத்தோலிக்கர் காணிக்கை திரட்டி வார்ப்பித்த மணி, 2025 ஆகஸ்ட் 9 அன்று, 80 ஆண்டுகளுக்குப்பின், மற்றக் கோபுரத்திலிருந்து ஒலித்தது. குண்டு வீசிய நாட்டு மக்கள் தந்த மணி அது. மாலையில் அங்கு ஒரு மூதாட்டியைச் சந்தித்தோம். அவருடைய கொள்ளுப்பாட்டி 'தபி' சென்று மீண்டவராம். வீட்டில் அதைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று வழிகாட்டிக் குருவின் வாயிலாகக் கேட்டோம். அதிகம் சொல்லமாட்டார்கள், செபம் சொல்லச் சொல்வார்கள் என்று பதிலளித்துவிட்டு அவர் திருப்பலிக்கு எழுந்து சென்றார்.

ஊர் திரும்பியபின், திருமண ஆயத்தத்துக்கு வரும் இளைஞரிடமும் இளம்பெண்களிடமும், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுக்கும் முறையையும் உத்தம மனஸ்தாப மந்திரத்தையும் மனப்பாடமாய்ச் சொல்லும்படி கேட்கத் தொடங்கினோம். பாதியில் பலர் நின்றுவிடுகின்றனர். அலைபேசியில் பார்த்துச் சொல்லலாமா என்று கேட்பவரும் உண்டு. சென்ற வாரம் ஒரு பையன் தடுமாறியபோது, வாசற்படியில் காத்திருந்த அவனுடைய பாட்டி உள்ளே எட்டிப்பார்த்து, அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தார்.